பஞ்சிகாவத்தை ஸ்பிரிங் பட்டையும் 830 பாகைச் சூடும்

பழைய வாகன உதிரிப்பாகம் தேவையென்றால் இலங்கையில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைதான். கழற்றிய என்ஜின்கள், கியர்ப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு நடுவே, லொறிகளிலிருந்து கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைகளும் அங்கே கிடைக்கும். தெற்காசியா எங்கும் ஊர்க் கொல்லர்கள் வெட்டுக்கத்திக்கு விரும்பி எடுக்கிற இரும்பு இதுதான். அப்படியொரு பட்டையை வாங்கி, வீட்டின் பின்பக்கத்து ஒதுக்கிடத்தில், சிரட்டைக்கரி உலையும் சில அரங்களும் ஒரு கிரைண்டரும் வைத்துக்கொண்டு, பலாக்காய் பிளக்கவும் தேங்காய் வெட்டவும் கூடிய பெரிய கத்தி ஒன்றைச் செய்ய முடியுமா? முடியும். கடையில் வாங்குவதைவிட நன்றாகவே செய்ய முடியும். ஆனால் அதற்கான காரணம் பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை. கத்தியின் தரத்தை இரும்பின் பெயரும் கொல்லனின் புயபலமும் தீர்மானிக்கின்றன என்பது பொதுவான நம்பிக்கை. உலோகவியல் வேறொன்றைச் சொல்கிறது. நாட்கணக்கில் நடக்கும் வேலையில், கத்தி எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அந்தச் சூட்டை அளக்கத் தெரிந்தவருக்குச் சிறிய பட்டறை ஒரு குறையாகாது. அளக்கத் தெரியாதவருக்கு எவ்வளவு உயர்ந்த உருக்கும் உதவாது.

முதலில், பெரிய கத்தியிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று பார்க்கலாம். வெங்காயம் நறுக்கும் கத்தி வளையாமலும் மழுங்காமலும் இருந்தால் போதும். அதை யாரும் ஓங்கி வெட்டுவதில்லை. தெருவோரத்தில் செவ்விளநீர் சீவுகிறவரின் கத்தியோ ஒவ்வொரு வெட்டிலும் அடி வாங்குகிறது. அலகு கூராக நிற்பதற்குக் கடினம் வேண்டும். அடியைத் தாங்குவதற்கு இழுபட்டு வளைந்து மீளும் திறன் வேண்டும். உருக்கில் இவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. கடினத்தைக் கூட்டினால் கண்ணாடித் தன்மை வரும். முறியாத் தன்மையைக் கூட்டினால் கூர் சீக்கிரம் மடங்கும். கடினத்தை அளக்கும் றொக்வெல் அளவுகோலில், தோய்ச்சல் வைத்து (அதாவது காய்ச்சிச் சட்டென்று ஆற்றி), பின்னர் மிதமான சூட்டில் பதம் இறக்காத உருக்கு 60ஐத் தாண்டும். லொறியின் கீழே வேலை செய்யும் ஸ்பிரிங் 40 முதல் 45 வரையில் நிற்கும். நல்ல வெட்டுக்கத்தி இவ்விரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 54 முதல் 57 வரையில் நிற்கவேண்டும். ஒரே பட்டையை இந்த மூன்று நிலைகளில் எதற்கும் கொண்டுவரலாம். அதன் இரசாயனச் சேர்க்கை மூன்றிலும் ஒன்றே. மாறுவது அதற்குக் கொடுத்த சூடு மட்டும். இந்த வாதத்துக்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

அந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது? இலங்கை வீதிகளில் ஓடும் லொறிகளில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே பட்டை ஸ்பிரிங்குகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் உருக்குகளில் ஒன்று எஸ்.யு.பி. 9. அதில் காபன் 0.52 முதல் 0.60 சதவீதம், மங்கனீசும் குரோமியமும் தலா 0.65 முதல் 0.95 சதவீதம். அமெரிக்கக் கத்தி செய்வோர் பெரிய கத்திக்கென்றே தேடி வாங்கும் 5160 என்ற உருக்கின் சேர்க்கையும் கிட்டத்தட்ட இதுவே. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் செய்த சில ஸ்பிரிங்குகளில் குரோமியத்துக்குப் பதிலாகச் சிலிக்கன் கூடுதலாக இருக்கும். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: கழித்துப்போட்ட இரும்பில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும், பல்லாயிரம் மைல் ஓடிக் களைத்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்காதா? இருக்கலாம். ஸ்பிரிங் பட்டைகள் பெரும்பாலும் நடு ஆணித் துளையிலும் பிடிகள் நெருக்கும் இடங்களிலும்தான் வெடிக்கின்றன. எனவே அப்பகுதிகளை வெட்டிக் கழித்துவிட வேண்டும். மிச்சத்தைப் பரிசோதிக்க, 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில்வே பட்டறைகள் அச்சுகளைச் சோதிக்கக் கையாண்ட முறை ஒன்று இருக்கிறது. பட்டையைச் சுத்தமாகத் தீட்டி, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டித் தூளை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் மயிரிழைக் கோடாகத் தெரியும். சேர்க்கை பற்றிய சந்தேகத்துக்கும் வழி உண்டு. ஒரு துண்டை முறித்துப் பார்ப்பது அது. அந்தச் சோதனையைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம். பயன்படாத புதிய பட்டையை ஸ்பிரிங் செய்யும் இடத்தில் வாங்க முடிந்தால் இந்தக் கவலைகளில் பாதி தீரும்.

சூடு என்ன செய்கிறது என்பதற்கு அணுக்களின் அடுக்கைப் பார்க்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் காபனுக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே காபன் இரும்போடு சேர்ந்து தனிச் சேர்வையாகி, மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்கிறது. 727 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இரும்பு தன் அடுக்கை மாற்றத் தொடங்குகிறது. ஒஸ்டெனைட் எனப்படும் அந்தப் புதிய அடுக்கில் காபனுக்குத் தாராளமான இடம் உண்டு. தகடுகள் கரைந்து காபன் எங்கும் பரவுகிறது. ஸ்பிரிங் உருக்கில் இது நன்றாக நடந்தேற ஏறத்தாழ 830 பாகையும் சில நிமிடங்களும் வேண்டும். இப்போது மெதுவாக ஆறவிட்டால் காபன் பழையபடி வெளியேறித் தகடாகும், இரும்பு மென்மையாகும். எண்ணெயில் தோய்த்துச் சட்டென்று ஆற்றினால் காபனுக்கு வெளியேற அவகாசம் கிடைக்காது. ஏறத்தாழ 260 பாகைக்குக் கீழே இரும்பு தன் பழைய அடுக்குக்குத் திரும்ப முயன்று, உள்ளே சிக்கிய காபனால் நெளிந்து விறைத்துப்போகிறது. இந்த விறைத்த அடுக்கின் பெயர் மார்ட்டென்சைட். கத்தியின் கடினம் முழுவதும் இதிலிருந்தே வருகிறது. 0.95 சதவீதக் காபன் மட்டும் உள்ள உருக்கை இந்த நிலைக்குக் கொண்டுவர, ஒரு செக்கனுக்குள் 500 பாகையளவுக்கு இறக்கியாக வேண்டும். ஸ்பிரிங் உருக்கிலுள்ள குரோமியமும் மங்கனீசும் காபனின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தி, செய்கிறவருக்குச் சில செக்கன்களைக் கூடுதலாகத் தருகின்றன. வீட்டுப் பட்டறைக்கு இந்த உருக்கு ஏற்றது என்று சொல்வதற்கு அந்தச் சில செக்கன்களே காரணம்.

இதற்கு எதிராக நம் பகுதியின் வரலாற்றையே யாரும் எடுத்துக்காட்டலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த உருக்கு உலகப் புகழ் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் வாட்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல் கிந்தி, செரண்டிப் எனப்பட்ட இலங்கையின் உருக்கையும் குறிப்பிடுகிறார். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில் நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டி நடந்த ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இரும்புருக்கு உலைத்தலங்களைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்தார். துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் நம்பி 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய உலைகள் அவை. அதே வடிவில் உலை கட்டி உருக்கிப் பார்த்து, காபன் மிகுந்த உருக்கு அதில் கிடைக்கும் என்று 1996இல் நேச்சர் இதழில் அவர் எழுதினார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தபோது, மூசையில் உருக்குச் செய்யும் முறையின் கடைசித் தலைமுறையைப் பார்த்துப் பதிந்து வைத்தார்: களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டும் ஆவாரைக் குச்சிகளும் இட்டு, வாயை அடைத்து, உலையில் வைப்பது. இவ்வளவும் உருக்கின் பெருமை அல்லவா, சூட்டின் பெருமை எங்கே வந்தது என்று கேட்கலாம்.

இந்தக் கேள்வியின் விடையைத் தேடி மேற்குலகம் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு செலவிட்டது. கொல்லரின் மகனான மைக்கேல் ஃபரடே, லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடாட்டோடு சேர்ந்து, 1819இலும் 1820இலும் இந்திய உருக்கைப் பகுத்துப் பார்த்தார். அதன் சிறப்பு ஏதோ ஒரு கலப்பு மூலகத்தில் இருக்கிறது என்று அவர் எண்ணினார். அலுமினியமாக இருக்கலாம் என்றும் கருதினார். அது சரியாக வரவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தன் சொந்தப் பட்டறையில் வேலை செய்த அல் பென்ட்ரே என்ற கொல்லரும் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பல ஆண்டு சேர்ந்து உழைத்த பின்னரே, இந்த வகை உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாட்களில் தெரியும் நீரோட்ட வரிகள் எப்படி வருகின்றன என்பது 1998இல் தெளிவாக விளக்கப்பட்டது. உருக்கில் மிக மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற மூலகம் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதே வார்ப்பை அதிகமாகச் சூடாக்கினால் வரி அழிந்துபோகும். சரியான வெப்ப எல்லைக்குள் வைத்துப் பலமுறை காய்ச்சி அடித்து ஆற்றும்போதுதான், காபன் சேர்வைகள் அந்த மூலகத்தின் தடத்தைப் பிடித்து வரிசை வரிசையாகச் சேர்கின்றன. மூலப்பொருள் ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பு பலிக்குமா என்பதைச் சூடு முடிவு செய்கிறது. ஸ்பிரிங் பட்டைக்கும் இது அப்படியே பொருந்தும். சேர்க்கை முக்கியமில்லை என்று நான் வாதிடவில்லை. பஞ்சிகாவத்தைப் பட்டை அந்தத் தகுதியை ஏற்கெனவே பெற்றுவிட்டது, எஞ்சிய போட்டி முழுவதும் உலையடியில்தான் என்கிறேன்.

அடுத்த நம்பிக்கை சம்மட்டியைப் பற்றியது. அடிக்க அடிக்க இரும்பு இறுகும், ஆகவே அடித்த கத்தியே நல்ல கத்தி என்பார்கள். அடியால் உருக்கின் அடர்த்தி கூடுவதில்லை; அணுக்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. காய்ச்சி அடிக்கும்போது உருக்கின் பளிங்கு மணிகள் நுண்மையாவது உண்மைதான். ஆனால் அடித்து முடித்தபின் கடைசியாக ஏற்றும் சூடு அதையெல்லாம் அழித்து மறுபடி எழுதிவிடும். அதே நுண்மையை அடியே இல்லாமலும் கொண்டுவரலாம். கத்தியை 870 பாகைக்கு ஏற்றி அசையாத காற்றில் கறுக்கும்வரை ஆறவிட்டு, அடுத்த முறை 830, அதற்கடுத்த முறை 790 என்று இறங்குமுகமாக மூன்று தடவை செய்தால் மணிகள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்து சிறிதாகும். மருதானை போன்ற இடத்துக்கு இது பெரிய விடுதலை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பின்னால் ஒழுங்கை, மேலே அயலவரின் கொடியில் உடுப்பு. அங்கே நாள் முழுக்கச் சம்மட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. பட்டையை ஒருமுறை காய்ச்சி வளைவை நிமிர்த்தி, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால் அரத்துக்கு இணங்கும் அளவு மென்மையாகிவிடும். பிறகு தேவையில்லாததை அறுத்தும் அராவியும் நீக்கி உருவத்தைக் கொண்டுவரலாம். அடித்துச் செய்வதால் பொருள் மிச்சமாகும், சில வடிவங்கள் எளிதாகும். தரத்தில் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

உருவம் கொடுக்கும்போது பெரிய கத்திக்கென்று ஒரு கணக்கு உண்டு. தகட்டின் தடிப்பு இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்குதான் ஆகும். வளையாத் தன்மை எட்டு மடங்காகும். ஆகவே முதுகு தடித்தும் அலகு மெலிந்தும் முனை நோக்கித் தடிப்புக் குறைந்தும் இருக்குமாறு சரித்து அராவினால், விறைப்பை இழக்காமல் எடையைக் குறைக்கலாம். பிடிக்குள் போகும் கட்டையும் அலகும் சேரும் மூலையைச் சதுரமாக வெட்டக்கூடாது. வெட்டின் அதிர்ச்சி முழுவதும் அந்த மூலையில்தான் குவியும், பெரிய கத்திகள் முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். வட்ட அரத்தால் வளைவாக இறக்க வேண்டும். தோய்ச்சலுக்கு முன் அலகின் விளிம்பில் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பை விட்டுவைப்பது நல்லது. உலைச்சூட்டில் மேற்பரப்பின் காபன் காற்றோடு கலந்து போய்விடும். அந்த மெல்லிய மென்தோலைப் பின்னர் சீவி எடுத்தால்தான் நல்ல உருக்கு வெளியே வரும்.

இனி இந்தக் கட்டுரையின் மையமான கேள்விக்கு வரலாம்: 830 பாகை வந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்? கொல்லர் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். நிறம் பொய் சொல்வதில்லை, ஆனால் கண் சொல்லும். ஒரே சூட்டில் இருக்கும் இரும்பு இருட்டில் பளீரென்ற சிவப்பாகவும் உச்சி வெயிலில் மங்கலாகவும் தெரியும். கம்மாலைகள் அரையிருட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரம்பரை பரம்பரையாக ஒரே கம்மாலையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வகை இரும்பைப் பார்த்துப் பழகிய கண் ஒரு நம்பகமான கருவி; அதை மறுப்பது அறியாமை. ஆனால் அந்தக் கண் அந்த இடத்துக்கும் அந்த ஆளுக்கும் சொந்தமானது. புதிதாகத் தொடங்குகிறவர் அதைக் கடன் வாங்க முடியாது. அவருக்கு இயற்கையே சில அடையாளங்களை வைத்திருக்கிறது. இரும்பு 770 பாகையில் காந்தத்தன்மையை இழக்கிறது. கம்பியில் கட்டிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டாது. அதற்கு மேலே இன்னும் ஓர் ஐம்பது அறுபது பாகை ஏற வேண்டும். இரண்டாவது அடையாளத்தைக் கவனித்துப் பார்த்தால் மறக்க முடியாது. அடுக்கு மாறும்போது உருக்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது; அதனால் சிவந்த அலகின்மேல் கருநிழல்கள் தோன்றி, மெலிந்த விளிம்பிலிருந்து தடித்த முதுகு நோக்கி மெல்ல நகர்ந்து மறைகின்றன. கடைசி நிழல் முதுகில் மறைந்து, முழு அலகும் ஒரே நிறமான பிறகுதான் மாற்றம் முடிந்திருக்கும். மூன்றாவது அடையாளம் சமையலறையில் இருக்கிறது. தூய சோடியம் குளோரைட் 801 பாகையில் உருகும். அலகின் பக்கத்தில் ஒரு தகட்டுத் துண்டில் சிட்டிகை மேசை உப்பை வைத்தால், அது கண்ணாடி போலாகும் தருணம் ஓர் அளவுகோல். ஆனையிறவுக் கல்லுப்பு இதற்கு உதவாது. அதிலுள்ள மற்ற உப்புகள் உருகுநிலையைக் கீழே இறக்கிவிடும். வசதியுள்ளவர் வெப்பமின்னிணை முனை ஒன்றை வாங்கி உலைக்குள் வைக்கலாம். எதைக் கையாண்டாலும் 900 பாகைக்கு மேல் போய்விடாமல் பார்க்க வேண்டும். அதற்கு மேலே மணிகள் விறுவிறுவென்று பெருக்கும். அப்படிப் பெருத்த மணிகள் கொண்ட கத்தி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஒரு தேங்காயில் முறிந்தும் போகும்.

கத்தி பெரிதாவதன் உண்மையான சிக்கல் இங்கே தெரிகிறது. ஓரடி நீள அலகின் முழு நீளமும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். சிறிய உலையின் நடுவில் மட்டும்தான் தணல் உக்கிரமாக இருக்கும். எனவே கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே, காற்றைக் குறைத்து, அவசரப்படாமல் ஏற்ற வேண்டும். தோய்ச்சலிலும் அளவு தன் கணக்கைக் கேட்கும். 700 கிராம் கத்தி 830 பாகையிலிருந்து 60 பாகைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 350 கிலோயூல் வெப்பத்தை எண்ணெயிடம் கொடுக்கிறது. மூன்று லீற்றர் எண்ணெயானால் அதன் சூடு ஏறத்தாழ 65 பாகை உயரும். பத்து லீற்றரானால் 20 பாகைக்குள் அடங்கும். சின்ன டின்னில் தோய்க்கும் பெரிய கத்தி முனையில் கடினமாகவும் அடியில் அரைகுறையாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தாவர எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். 24 பாகையில் உறையத் தொடங்கும் தேங்காயெண்ணெய் குளிர்நாட்டுக்காரருக்கு இடைஞ்சல், கொழும்பில் ஆண்டு முழுவதும் திரவம்தான். எண்ணெயை முன்கூட்டியே 50 பாகையளவுக்குச் சூடாக்குவது நல்லது. சூடான எண்ணெய் இளகி ஓடி, அலகைச் சுற்றும் ஆவிப்படலத்தைச் சீக்கிரம் கலைக்கும். கத்தியைக் குத்துநேராக இறக்கி முன்பின்னாக அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். கோணினாலும் ஒரு சலுகை உண்டு: 200 பாகையளவில் வெளியே எடுத்தால், மார்ட்டென்சைட் முழுதாக விறைக்கும் வரையிலான சிறிது நேரத்துக்குக் கையுறையோடு நிமிர்த்தலாம். எஞ்சிய எச்சரிக்கைகளில் இரண்டை விட முடியாது. எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாகவும், மூடுவதற்கு மூடியோடும் இருக்கவேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது; கழிவு என்ஜின் ஒயிலின் புகை நெருக்கமான குடியிருப்பில் எவருடைய நுரையீரலுக்கும் ஆகாது.

தோய்ச்சல் முடிந்த கத்தியை அப்படியே விடக்கூடாது. கை தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தாலே முறியலாம். கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்தவுடன் பதம் இறக்க வேண்டும். விறைத்து நிற்கும் காபனில் ஒரு பகுதியை மிக நுண்ணிய துணிக்கைகளாக வெளியேறவிட்டு, கடினத்தில் கொஞ்சம் கொடுத்து உறுதியை வாங்குவதே இதன் நோக்கம். பழைய முறையில், தீட்டிய அலகைச் சூடாக்கி நிறம் பார்ப்பார்கள்: 205 பாகையில் வைக்கோல் மஞ்சள், 260 அளவில் கபிலம், 300இல் நீலம். இந்த நிறங்கள் மேலே படரும் ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பால் வருபவை. சூட்டைப் போலவே நேரமும் அவற்றை மாற்றும், குரோமியத்தின் அளவும் மாற்றும். ஆகவே ஒரே மஞ்சள் இரண்டு கத்திகளில் இரண்டு பொருள் தரலாம். கேக் சுடும் மின்சாரப் போறணை இந்த வேலைக்கு உலையைவிட உயர்ந்தது. அதன் குமிழ் காட்டும் பாகையை நம்பாமல் தனி வெப்பமானியை உள்ளே வைத்து, கத்தியை மணல் தட்டில் புதைத்தால் ஏற்ற இறக்கம் மட்டுப்படும். 220 முதல் 240 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால் வெட்டுக்கத்திக்கு வேண்டிய இடைநிலை கிடைக்கும். இன்னும் உறுதியாகட்டும் என்று 300க்கு மேல் கொண்டுபோனால் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு நடக்கும்: 260 முதல் 370 பாகை வரையான எல்லையில் பதமிறக்கிய உருக்கு மென்மையாகியும் அதே நேரம் அடிக்கு உடைவதாகவும் மாறுகிறது. கூடுதல் சூடு கூடுதல் உறுதி என்ற எளிய கணக்கு இங்கே எடுபடாது. இதனால்தான் கடைசித் தீட்டலின்போது கிரைண்டரில் அலகு நீலம் பாய்ந்தால் அந்த இடம் போய்விட்டது என்கிறோம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொண்டு தீட்ட வேண்டும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தீட்ட வேண்டும்.

இத்தனையும் சரியாக நடந்ததா என்பதற்குச் சாட்சி வேண்டாமா? ஆய்வுகூடத்தில் றொக்வெல் கருவி இருக்கும், வீட்டில் இருக்காது. ஆனால் வீட்டில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று அரம். நல்ல அரம் 65 றொக்வெல் அளவு கடினமானது. தோய்த்தவுடன் அலகில் வைத்து இழுத்தால் பிடிக்காமல் கீச்சென்று வழுக்க வேண்டும், பிடித்தால் தோய்ச்சல் தவறியது. மற்றது முறிவு. கத்தியைத் தொடங்குமுன்பே அதே பட்டையில் விரலளவு துண்டுகள் நாலைந்து வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு சூட்டில் தோய்த்து, பதம் இறக்காமல் குறட்டில் பிடித்து முறிக்க வேண்டும். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் மழமழவென்றிருந்தால் சூடு சரி. சீனி போல மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. முறியாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது அந்த உருக்கில் காபன் குறைவு. பெயர் தெரியாத கழிவு இரும்பு என்ற ஆட்சேபத்துக்கும் இதுதான் விடை. விரலளவுத் துண்டு எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொண்டது என்று கண்டபின், அந்தப் பட்டையின் வர்த்தகப் பெயர் நமக்குத் தேவையில்லை.

மலிவான கறளேறாக் கத்தி கடைகளில் குவிந்து கிடக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். அந்தக் கத்திகள் சமையலறைக்கு நல்லவை. கொழும்பின் உப்புக்காற்றில் கறளேறாமலிருப்பது சிறிய விடயமல்ல. ஆனால் அவற்றின் கறளேறாத் தன்மைக்குக் காரணமான 13 முதல் 15 சதவீதக் குரோமியம், தோய்ச்சல் சூட்டை ஆயிரம் பாகைக்கு மேலே தள்ளிவிடுகிறது. அது தொழிற்சாலை உலையின் எல்லை. ஓங்கி வெட்டும் பெரிய கத்திக்கு, அதிர்ச்சி தாங்கவென்றே வடிவமைத்த ஸ்பிரிங் உருக்கு பொருத்தமானது. அதன் வெப்ப எல்லை கரி உலைக்குள் அடங்குவது. எண்ணெய் துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் கறளும் ஏறாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலை, வாங்குகிறவர் எப்படி அடிப்பார் என்று தெரியாமல் ஒரு நடுத்தரப் பதத்தில் நிறுத்துகிறது. ஒரே ஒரு கத்தி செய்கிறவருக்கு அது பலாவுக்கா, இறைச்சிக்கா, வேலிக்கா என்று தெரியும். பதத்தைப் பத்துப் பாகை கூட்டியோ குறைத்தோ அந்த வேலைக்கென்றே நிறுத்தலாம்.

இந்த வாதத்திலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. கத்தியின் தரம் அதன் சூட்டின் கணக்கில் இருக்கிறதென்றால், அந்தக் கணக்கை எழுதி வைக்க வேண்டும். எந்த வாகனத்துப் பட்டை, காந்தம் விட்ட பிறகு எத்தனை நிமிடம், எண்ணெய் எவ்வளவு, போறணை எத்தனை பாகை, முறிவு முகம் எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் பதிந்தால், இரண்டாவது கத்தி முதலாவதன் தவறிலிருந்து தொடங்கும். சமனலவெவ உலைக்காரர்கள் எதையும் எழுதவில்லை. அவர்கள் காற்றை எப்படி ஆண்டார்கள் என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து மண்ணைத் தோண்டி, மறுபடி உலை கட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. மூசை உருக்கின் செய்முறையில் நமக்கு எஞ்சியது குமாரசுவாமி போன்ற சிலர் எழுதி வைத்த அளவுதான். மருதானையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொழினுட்பக் கல்வி நடக்கிறது. நடந்து போகும் தூரத்தில் பஞ்சிகாவத்தை. மருதானைத் தொழினுட்பக் கல்லூரியைப் போன்ற இடங்களில் ஒரு சிறிய மின்னுலையும் ஒரு றொக்வெல் கருவியும் வாரத்தில் ஒருநாள் வெளியாருக்குத் திறந்திருந்தால், கொல்லரின் கண்ணும் வீட்டுப் பட்டறைக்காரரின் கொப்பியும் ஒரே மேசையில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். எந்த நிறத்துக்கு எத்தனை பாகை, அதற்கு எவ்வளவு கடினம் என்ற அட்டவணை நம் வெளிச்சத்துக்கும் நம் இரும்புக்கும் ஏற்ப அப்போது உருவாகும். அந்த அட்டவணை வந்துவிட்டால், நல்ல கத்தி செய்வதற்குக் கொல்லர் வீட்டில் பிறந்திருக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இராது.